தோள் அளவு

ஜூலை 5
அப்பாவின் அளவு நாடாவை இரவல் வாங்கிப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். அடிமை வணிகம் பற்றி வகுப்பில் ஆளுக்கொரு ஆய்வு. தடிக் கண்ணாடி போட்ட சோடாபுட்டிக்குத் தலைப்பு கப்பல். ஒரு கப்பலின் படத்தில் ஓர் ஆளுக்கு ஒதுக்கிய அகலம் பதினாறு அங்குலம் என்று கண்டுபிடித்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். பன்னிரண்டு பேர் நெருக்கியடித்துப் படுத்தோம். எங்களில் உயரமான ஒட்டகம் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தாள். "இப்படியே ரெண்டு மாசம் கூடப் போவாங்களாம்" என்றாள் சோடாபுட்டி. ஒட்டகமும் நிறுத்திவிட்டாள்.

வீட்டில் சொன்னதும் அப்பா தையல் மெஷினை நிறுத்தினார். "பதினாறா? நம்ம தோளுக்கே பத்தாதே. புரண்டு படுக்கறது எப்படி?"

ஜூலை 9
ஒட்டகத்தின் தலைப்பு சர்க்கரை. கரும்புத் தோட்டங்களில் உழைக்கத்தான் அத்தனை பேரை விலைக்கு வாங்கினார்களாம். இன்று நான் டீ குடிக்கவில்லை. எத்தனை நாளைக்கோ, என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

ஜூலை 13
என் தலைப்பு விளம்பரங்கள். விற்கப்பட்டுத் திசைக்கொருவராகச் சிதறியவர்கள், விடுதலை கிடைத்த பிறகு சொந்தங்களைத் தேடிப் பத்திரிகையில் கொடுத்தவை. பெயர், கடைசியாகப் பார்த்த இடம், அடையாளம், கடைசியில் தேடுகிறவர் யார் என்பது. ஓர் அம்மா முப்பது வருஷம் கழித்து மகளைத் தேடுகிறாள். அவள் சொல்லும் அடையாளமெல்லாம் சின்னக் குழந்தையின் அடையாளம்.

எங்களுக்கு அக்கா இருக்கும் தெருவே தெரியும். பிடித்தவரைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு வருஷம். "இனிமே அவ பேச்சு இந்த வீட்ல வேணாம்" என்றார் அப்பா. அவ்வளவுதான். அவள் நம்பரை அம்மா மாவு டப்பா மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறாள். யாரும் கூப்பிடுவதில்லை.

அந்த அடிமைகளைப் பிடித்து இழுத்துப் பிரித்தார்கள். இங்கே? நாமே கதவைச் சாத்திக்கொண்டோம். இரண்டையும் சேர்த்து நினைக்கவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு அக்கா வேணும். அவ தலை பின்னினா உயிர் போற மாதிரி வலிக்கும். அதுவும் வேணும்.

ஜூலை 14
டீ குடித்தேன்.

ஜூலை 19
அந்த விளம்பரங்களைப் போலவே ஆளுக்கொன்று எழுதிப் பார்க்கச் சொன்னார் டீச்சர். ஒட்டகம் தொலைந்துபோன பூனையை எழுதினாள். நான் அக்காவை எழுதினேன். கடைசியாகப் பார்த்தது: வாசலில், செருப்பு மாட்டும்போது. உயரம்: தெரியாது. அடையாளம்: — எதுவும் வரவில்லை. பதிமூன்று வருஷம் ஒரே போர்வைக்குச் சண்டை போட்டவளுக்கு இவ்வளவுதான் தெரியுமா? தேடுகிறவர்: தங்கை.

ஜூலை 20
அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. சோடாபுட்டிக்காக மறுபடி வாங்கிப்போன நாடாவைத் திருப்பி வைக்கும்போது, அதோடு சுருண்டிருந்த என் தாளையும் அப்பாவின் மேசையில் வைத்துவிட்டேன். போய்ப் பார்த்தால் தாளைக் காணோம். அப்பா குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜூலை 21
காலையில் தாள் என் பைக்குள் இருந்தது. "தெரியாது" என்பதை அடித்துவிட்டு, துணியில் குறிபோடும் பென்சிலால் அப்பா எழுதியிருக்கிறார்.

உயரம் ஐந்தடி மூன்று. தோள் பதினாலே முக்கால். இடுப்பு இருபத்தாறு. இடது தோள் அரை அங்குலம் இறக்கம், தைக்கும்போது ஏற்றிப் பிடிக்க வேண்டும்.

தேடுகிறவர்: தங்கை. அதன் கீழே, அப்பா.

அம்மாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டு நேரே போய் மாவு டப்பாவைத் திறந்தாள். "நீயே போடு." என்று மூடியை நீட்டினாள்.

போட்டேன். எடுக்கவில்லை.

ஜூலை 22
அக்காவே கூப்பிட்டாள். தாளை அப்படியே வாசித்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "தோள் சரிதான். இடுப்புதான் இப்ப அந்த அளவு இல்ல. ஏழாம் மாசம். ஞாயித்துக்கிழமை வரேன், புதுசா அளவெடுத்துக்கச் சொல்லு."

அப்பாவிடம் அப்படியே சொன்னேன். நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். ஞாயிறுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.