கையெழுத்து ஒத்துப்போகவில்லை

லம்பாங், தாய்லாந்து
4 பிப்ரவரி 2019

அன்புள்ள நேடின் அக்காவுக்கு,

நான் நலம். அங்கே பனி முழங்கால் வரை என்று கேள்விப்பட்டேன். வாசலைச் சுத்தம் செய்ய ஆள் வை, நீயே மண்வெட்டி எடுக்காதே. வெளிநாட்டில் கணக்கு இருக்கிறதென்று நம் அரசாங்கத்துக்கு வருடா வருடம் சொல்லும் படிவத்தை இந்த முறையும் நீதான் நிரப்பித் தரவேண்டும்.

பதினோரு வருடத்துக்கு முன் அமெரிக்கன் என்றதுமே மூன்று வங்கிகள் கையை விரித்துவிட்டன. நாலாவதுக்கு என் மனைவி பிம் இழுத்துப் போனாள். "இங்கிலீஷ் கையெழுத்தை எவனும் போட்டுடுவான், எங்க எழுத்துல போடு" என்று என் கையைப் பிடித்து மாதிரிக் கையெழுத்து அட்டையில் எழுதவைத்தாள். கவுன்டர் பெண்ணும் அவளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், என் கோணல் எழுத்தைப் பார்த்து.

பிறகு எப்போது போனாலும் பக்கத்தில் நிற்பாள், கை தானாக ஓடும். அக்டோபரில் அவள் போய்ச் சேர்ந்தபின் அது வரவில்லை. விசாவை நீட்டிக்க வங்கிக் கடிதம் வேண்டும். மூன்று தடவை போட்டும் கையெழுத்து ஒத்துப்போகவில்லை. புது மாதிரி கொடுத்தால் போதுமாம், பழைய அட்டையைக் கிழித்துவிடுவார்களாம். அவள் கைபட்டதைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. மார்ச் பதினைந்துக்குள் கடிதம் இல்லையென்றால் இந்த வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

உன் தம்பி,
வெண்டல்

டுலூத், அமெரிக்கா
19 பிப்ரவரி

அன்புத் தம்பி வெண்டலுக்கு,

படிவம் அனுப்பியாயிற்று. ஒரு துண்டு அட்டைக்காகவா இத்தனை பிடிவாதம்? செத்தவள் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் நிற்பாய்? பிம்மை நான் ஒருநாளும் பார்க்க வராதது என் தப்புதான். ஆனால் எனக்கும் உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? மாடி அறைக்குப் புதுக் கம்பளி வாங்கிப் போட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்துவிடு.

அக்கா நேடின்

லம்பாங்
12 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று உன் பேச்சைக் கேட்டுப் புது மாதிரி கொடுக்கத்தான் போனேன். பேனாவை எடுத்ததும், பிம் எந்நேரமும் மூக்கில் வைத்து முகரும் கற்பூரக் குப்பி, அந்த வாசனை. மணிக்கட்டில் ஒரு கனம். கை அதுபாட்டுக்கு எழுதி முடித்தது, பழைய கையெழுத்தையே.

கவுன்டர் பெண் அட்டையோடு வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றாள். பிறகு தயங்கினாள்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. இது உங்க பேரில்லையே, தெரியுமில்ல?"

இந்த ஊர் எழுத்து எனக்குப் படிக்க வராது. எல்லாம் பிம்தான் படித்துச் சொல்வாள். என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"நேரா வீட்டுக்கு வான்னு எழுதியிருக்கு."

அன்றைக்கு அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. வங்கிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு எங்கும் நிற்காமல் நடந்தேன். பூட்டிவிட்டுப் போன கதவு திறந்திருந்தது. உள்ளே அதே கற்பூர வாசனை. பயமாகத்தான் இருந்தது, அக்கா. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

மாடி அறையை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடு. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன் தம்பி,
வெண்டல்