பீரோவுக்குள் இருந்த தெரு

மார்ச் 4
காலையில் பள்ளிச் சீருடைகளுக்குக் காஜா எடுத்து முடித்தேன். மத்தியானம் இவரைக் கூட்டிக்கொண்டு இழப்பீட்டு அலுவலகம்.

பக்கத்து ஆலையின் கதிரியக்கக் கழிவு எங்கள் தெருக் குழாயில் கலந்ததை அரசே ஒத்துக்கொண்டு, எங்களைக் காலி செய்து வேலி போட்டுவிட்டது. இவருக்குக் கழுத்தில் கட்டி. அறுத்தெடுத்ததில் குரல் போயிற்று, கூடவே பஸ் கண்டக்டர் வேலையும். மேல் சிகிச்சைக்கு இழப்பீட்டை விட்டால் நாதியில்லை.

குமாஸ்தா சின்ன வயசுப் பையன். அந்தத் தெருவில் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்டான். எல்லாம் அந்த வீட்டுப் பீரோவில் என்றேன். போய் எடுத்து வரச் சொன்னான். வேலிக்குள் போக அனுமதி வேண்டுமே? அனுமதி யாருக்குத் தருவார்களாம்? அங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் வைத்திருப்பவர்களுக்கு.

மார்ச் 5
சிரிப்பதா அழுவதா? இவர் சிரித்தார். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது.

மார்ச் 19
வேலிக் காவலரிடம் கெஞ்சிக் கூத்தாடியதில், உச்சி முதல் பாதம் வரை உறை மாட்டிய ஓர் ஆள் உள்ளே போய்ப் பீரோவிலிருந்து எங்கள் காகிதங்கள் இருந்த பையை எடுத்து வந்தார். இடுக்கியால் நீட்டினார். நான் வெறுங்கையால் வாங்கினேன். எனக்கு உறை கிடையாதா என்றதற்கு அவர் சொன்னது:

"உங்களுக்குப் பழகியிருக்குமேம்மா."

மார்ச் 23
அலுவலக வாசலில் புதிதாக ஒரு கதிரியக்க மீட்டர். என் பையைக் கண்டதும் கீ கீ என்று அலறியது. குமாஸ்தா சுவரோடு ஒட்டிக்கொண்டான். கதிரியக்கம் பட்ட காகிதங்களை வாங்கக் கூடாதாம்.

"எங்க தெருவுல விஷம் இருக்குன்னு உங்க மீட்டரே சொல்லுதே தம்பி?"

"மீட்டர் சொல்றத ஆதாரமா எடுத்துக்க விதியில்லக்கா."

ஆனாலும் மனசு கேட்கவில்லை போல. மீட்டர்காரர் டீ குடிக்கப் போனதும் வாங்கி முத்திரை குத்தித் தன் நாற்காலிக்குப் பின்னால் உள்ள அலமாரியில் வைத்தான். எங்கள் தெருக்காரர்கள் எல்லாருடையதும் அங்கேதான் அடுக்கியிருந்தது.

ஏப்ரல் 10
நேர்காணல். பெரிய அதிகாரி இவரிடம் பெயரைக் கேட்டார். இவர் உதட்டை அசைத்தார். சத்தமாகச் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன், விண்ணப்பதாரர்தான் சொல்ல வேண்டுமாம். இவர் கழுத்து நரம்பு புடைக்க முயன்றார். காற்றுதான் வந்தது. "ஒத்துழைக்கவில்லை" என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

என்ன ஜென்மங்களோ. குரல் போச்சுன்னுதானே மனு குடுத்திருக்கோம்? வீட்டுக்கு வந்து மிஷின்ல உக்காந்தேன். ஊசி ஒடஞ்சதுதான் மிச்சம்.

ஏப்ரல் 11
இவர் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருக்கிறார். நான் மிஷினுக்கு வேறு ஊசி மாட்டினேன்.

ஜூன் 2
அலுவலகத்தைச் சுற்றி வேலி! யாரோ மீட்டரை உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். அலமாரி அலறியதாம். ஊழியர்களை அப்படியே வெளியேற்றிவிட்டார்கள். பூட்டிய கதவில் அறிவிப்பு: விண்ணப்பங்களை உள்ளே நேரில் மட்டுமே தரவும்.

ஜூன் 20
சாயங்காலம் வாசலில் குமாஸ்தா. இளைத்திருந்தான். அவனும் இழப்பீட்டுக்கு மனுப் போட்டிருக்கிறான். அந்த அறையில் வேலை பார்த்ததற்கு ஆதாரம் கேட்கிறார்களாம். வருகைப் பதிவேடு வேலிக்குள்.

"நான் அந்த நாற்காலியில உக்காந்திருந்தத நீங்க பாத்தீங்கன்னு சாட்சிக் கையெழுத்து வேணும்க்கா. உங்களக் கேக்க எனக்கு மூஞ்சி இல்லதான்."

போய் எடுத்துட்டு வா என்று சொல்லத்தான் வாய் வந்தது. அதற்குள் இவர் எழுந்து அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 15
விதியை மாற்றிவிட்டார்கள். இனி மீட்டர் சொன்னால் போதும், வேறு ஆதாரம் வேண்டாம். இத்தனை நாள் முடியாதது ஒரு மாதத்தில் எப்படி முடிந்தது? பெரிய அதிகாரியின் அறை அந்த அலமாரிச் சுவருக்கு அந்தப் பக்கமாம்.

ஆகஸ்ட் 8
எங்கள் மனு தேறிவிட்டது. திங்கட்கிழமை இவருக்குச் சிகிச்சை ஆரம்பம். அன்றைக்கே குமாஸ்தாத் தம்பிக்கும் கழுத்தில் கட்டியா என்று ஊசி குத்திப் பார்க்கப் போகிறார்கள். வலிக்குமா என்று கேட்டு வந்திருந்தான். இவர் இரண்டு விரலால் கொஞ்சம்தான் என்று காட்டி, மூவரும் ஒரே வண்டியில் போகலாம் என்று சைகை செய்தார்.