பேச்சு போன பிறகு நீங்கள் வரைந்த நாட்கள்

என்னங்க,

பெயர் சொல்லி உங்களை நான் அழைத்ததே இல்லை. இந்தக் கடிதத்திலும் அந்தப் பழக்கம் மாறவில்லை. நம் மகள் கயல் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். பிடோக்கில் நம் அடுக்குமாடி புளோக்குக்குப் புது பெயின்ட் அடித்திருக்கிறார்கள், உங்களுக்குப் பிடிக்காத பச்சை. அங்கே உங்களுக்குப் பேச்சு திரும்பிவிட்டதா?

நீங்கள் சிங்கப்பூர் முழுக்க டாக்சி ஓட்டிய காலத்தில், வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும் முன்பே அன்றைய பயணிகளின் கதை ஆரம்பித்துவிடும். யார் பாஸ்போர்ட்டை மறந்து விமான நிலையத்துக்குக் கிளம்பினார், யார் பின்சீட்டில் காதலியோடு சண்டை போட்டார், எல்லாம் நடித்தே காட்டுவீர்கள். அப்படிப்பட்டவருக்குத்தான் ஸ்ட்ரோக் வந்தது. கைகால் மெல்லத் திரும்பின. பேச்சு திரும்பவில்லை.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், தண்ணீர், சோறு, கழிப்பறை என்று படம் போட்ட அட்டைகளை நீட்டினாள். நீங்கள் அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவளுடைய பேனாவை வாங்கி ஒரு கிண்ணம் வரைந்தீர்கள். அதற்குள் ஒரு படகு. எங்களுக்கு விளங்கவில்லை. மேசையில் இருந்த கஞ்சியைச் சுட்டிக்காட்டினீர்கள். படகு விடும் அளவுக்குத் தண்ணீராம்! அந்த வார்டில் அன்றுதான் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கயலின் டியூஷனுக்கு வாங்கிய வெள்ளைப் பலகை உங்களுடையதாகிவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் மார்க்கரோடு எழுந்து நிற்பீர்கள். ஒரு கோடு இழுப்பீர்கள், திரும்பி எங்கள் முகத்தைப் பார்ப்பீர்கள்.

"குடை!" என்பாள் கயல். தலையை ஆட்டி மறுப்பீர்கள். "காளான்?" என்பேன் நான். நெற்றியில் அடித்துக்கொள்வீர்கள். எதிர்வீட்டு மலாய் அம்மா வாசலில் நின்றபடியே, "கூச்சிங்! கூச்சிங்!" என்று கத்துவார். கீழே படிக்கட்டில் நீங்கள் பார்த்த பூனையை அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். நீங்கள் மேடை நடிகர் மாதிரி குனிந்து வணங்குவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா மார்க்கெட் சாப்பாட்டுக் கடையிலும் அதே கதைதான். சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்து, சற்று முன் மார்க்கெட்டில் நடந்ததை வரைவீர்கள். தட்டோடு போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். தேநீர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணே, அது நான்தானே? தொப்பையைக் கொஞ்சம் குறைங்க லா!" என்றார். நீங்கள் இன்னும் பெரிதாக்கினீர்கள்.

வீட்டுப் பலகையை மட்டும் படுக்கப் போகுமுன் துடைத்துவிடுவீர்கள். அதற்குள் கயல் போனில் படம் எடுத்துவிடுவாள்.

உங்களைக் கொண்டுபோன இரண்டாவது ஸ்ட்ரோக் எங்களுக்கு அவகாசமே தரவில்லை. அதன் பிறகு அந்தப் படங்களைத் திறந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. போன மாதம் அந்தப் பயிற்சிப் பெண் போன் செய்தாள். "ஆன்ட்டி, அங்கிளோட டிராயிங்ஸை எங்க குரூப்ல வந்து காட்டுறீங்களா? சிலர் ட்ரை பண்ணவே மாட்டேங்கிறாங்க."

போனேன். பேச்சிழந்தவர்களும் அவர்களோடு வந்தவர்களும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். மரியாதையாகப் பார்த்தார்கள், அவ்வளவுதான். உட்லண்ட்ஸிலிருந்து வந்திருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்துபோன படத்தைக் காட்டி என்ன பயன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் எங்கள் கண்முன்னே வரைந்தீர்கள். அடுத்த கோடு எங்கே போகும் என்று தெரியாமல்தானே நாங்கள் கத்தினோம்?

எழுந்து மார்க்கரை எடுத்தேன். கோலம் போடவே தெரியாத நான்! அன்று காலை பஸ்ஸைப் பிடிக்க ஓடியதில் என் செருப்பு கழன்று போனதை வரையத் தொடங்கினேன்.

"என்னம்மா அது, ஃபிரிட்ஜோ?" என்று கேட்டார் பெரியவரின் மனைவி.

"பஸ்ஸுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் திரும்பிப் பார்த்தார். பொறுக்க முடியவில்லை போலும். மெல்ல எழுந்து வந்து, என் கையிலிருந்த மார்க்கரை வாங்கி, பஸ்ஸுக்குச் சக்கரம் போட்டார். ஜன்னல் போட்டார். ஜன்னலுக்குள் கண்ணாடி போட்ட தன் முகம். பக்கத்தில் தலை சாய்ந்த ஒரு பெண், வாய் ஆவென்று திறந்திருந்தது.

"இஞ்சேருங்கோ! நான் வாயைத் திறந்துகொண்டோ நித்திரை கொண்டனான்?" என்று பதறினார் மனைவி.

பெரியவர் சிரித்தார். சத்தமாக, தோள் குலுங்க. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவர் சிரிச்சு எத்தினை நாளாச்சு, பிள்ளை," என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்.

இப்போது வாரா வாரம் போகிறேன். பெரியவர் எனக்கு முன்பே வந்து பலகைக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துவிடுகிறார். அன்று காலையில் நடந்ததை வரைகிறார், மற்றவர்கள் கத்துகிறார்கள். பேச்சு வராதவர்கள்கூட ஏதோ ஒரு ஒலி எழுப்புகிறார்கள். என் படங்கள் மட்டும் தேறவில்லை. கயல் பார்த்துவிட்டு, "அம்மா, ப்ளீஸ், பேரையாவது பக்கத்துல எழுதிடுங்க," என்கிறாள்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். நீங்கள் இல்லாத ஒரு நாளில் சொல்ல என்ன இருக்கிறது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இனி அப்படி நினைக்க மாட்டேன். எனக்கு வாய்க்கும் நாட்களை, எவ்வளவு கோணலாக வந்தாலும், நாலு பேர் முன்னால் நின்று வரைவேன்.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
மல்லிகா