ரஃபேலின் தாடை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

பிளாக்டவுனில் கப்போயிரா கற்கிறேன் என்றேனே, அது பிரேசில் அடிமைகள் எசமானர்களை ஏமாற்ற நடனமாக ஒளித்து வைத்த சண்டை. அங்கோலா வகை மெதுவானது, ரெஜியோனல் வேகமானது. எதை ஆடுவதென்று வில் போன்ற ஒரு வாத்தியம் சொல்லும். ஞாயிறன்று அது மெதுவாகத்தான் ஒலித்தது. நான் கவனிக்காமல் வேகமாக உதைத்தேன். எதிரே ஆடிய ரஃபேலின் தாடை உடைந்துவிட்டது.

"உனக்கென்ன, காது கேட்காதா?" என்றாள் அவன் மனைவி.

ஆறு வாரம் அவனால் மெல்ல முடியாது. அரிசிக் கஞ்சி வைப்பது எப்படி என்று உடனே எழுது. 'கொஞ்சம் தண்ணீர்' என்றெல்லாம் எழுதாதே, அளவைச் சொல். கொண்டுபோனால் கதவைத் திறப்பார்களா தெரியாது. இந்த ஊரில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட ஒரே வீடு அது.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

பிரசன்னா