பின்தலைக் கருப்பு

ஐப்பசி, புதன் இரவு

“அண்ணன் போயி மாசம் ஒண்ணு ஆகல. யாருக்குக் காட்ட மதினி இந்தக் கருப்பு?” கருமாதியில் அத்தனை பேர் முன்னால் நாத்தனார் கேட்டாள். அந்தக் கோபத்தில்தான் இன்று பழனிசெட்டிபட்டி பார்லருக்குப் போனேன். டையை எடுத்துவிடு, நரைத்த தலையே போதும் என்றேன்.

“ப்ளீச் போட்டா முடி அத்துப்போகும்க்கா. இனிமே டை அடிக்காதீக. வெள்ள வளர வளர கருப்ப வெட்டிக்கலாம். இப்பவே கொஞ்சம் வெட்டவா?” கத்தரியோடு பின்னால் வந்து நின்றாள் பார்லர்க்காரி.

எழுந்துவிட்டேன். முன்பக்கம் நானே பூசியது. பின்தலைக்கு என் கை எட்டாது. சாவதற்கு முந்தின வாரம்கூட அவர்தான் பழைய டூத்பிரஷ்ஷால், காதில் படாமல் பூசிவிட்டார்.

முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டு, பின்னால் தொடாதே என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் முடி நிற்குமா? வளர வளர அவர் கைபட்ட கருப்பும் கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.