உன் தம்பி எதனால் போனான்

திருநள்ளாறு
3.6.1984

அன்பு மகள் மங்கையர்க்கரசிக்கு அப்பா உத்திராபதி எழுதுவது. அந்தமானில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுத வேண்டிய இடம் இது, இந்தத் தடவை அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அம்மா இப்போதுதான் இரண்டு வேளை சாப்பிடுகிறாள். வயலில் தண்ணீர் இல்லை, குறுவைக்கு எப்போது திறந்துவிடுவார்கள் என்று ஊரில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு அதில் மனம் போகவில்லை.

உன் கடிதம் வந்தது. செத்தவனை நாலு பேர் நடுவில் ஏன் அசிங்கப்படுத்தினீர்கள், தம்பி பெண்டாட்டி அமுதத்தின் முகத்தையாவது பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறாய். கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. கப்பல் கிடைக்காமல் தம்பி முகத்தைக்கூடக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனவள் நீ. தந்தியில் மாரடைப்பு என்று ஒரு சொல்தான் கொடுத்தோம், மற்றதை யார் யாரோ எழுதித்தான் உனக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன், படித்துவிட்டு என்ன நினைத்தாலும் சரி.

உன் தம்பி சோமு, முத்து முகம்மது பாயின் வாடகைக் காரை ஓட்டிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். மாயவரம் ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு வருகிற ஜனங்களை ஏற்றிக்கொண்டு வருவான், சனிக்கிழமை என்றால் வீட்டுக்கு வரவே நேரம் இருக்காது. நம் ஊரில் சாராயக் கடைக்குப் போகாத டிரைவர் யார் இருக்கிறார்கள், இவன் அந்தப் பக்கமே திரும்ப மாட்டான் என்று அமுதம் வீட்டில் எல்லாருக்கும் பெருமை. ஸ்டாண்டில் கூட வண்டி ஓட்டுகிற முத்தையனோடு சேர்ந்து கஞ்சா இழுக்கிறான் என்பது எங்களுக்கும் தெரியாமல் இல்லை. நான் சத்தம் போட்டேன். அதற்கு அவன், “அது செடிதாம்பா, சாமியாருங்களே குடிக்கிறாங்க, சாராயம் மாதிரி குடலை அரிக்காது” என்றான். கடையில் விழுந்து கிடக்காமல் வீட்டுக்கு வந்து சேர்கிறானே என்று அமுதமும் பேசாமல் இருந்தாள். போன தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டான். படபடவென்று அடிக்கிறது என்றான், வாயு என்று சொல்லி அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள், சரியாகிவிட்டது. முப்பத்தொரு வயதுப் பிள்ளைக்கு மாரடைப்பு வரும் என்று யார் நினைத்தது.

மாசியில் அந்தச் சனிக்கிழமை மதியம் சவாரியை இறக்கிவிட்டு, முத்தையனும் இவனும் அரசலாற்றங்கரைத் தென்னந்தோப்பில் உட்கார்ந்து இழுத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருக்கிறது என்று இவன் படுத்துவிட்டான். இடது கை மரத்துப்போய், சட்டை முழுக்க வேர்வை. காரைக்கால் ஆஸ்பத்திரி எட்டுகிற தூரம்தான், காரும் பக்கத்திலேயே நிற்கிறது. ஆனால் உடம்பெல்லாம் கஞ்சா நெடி, இப்படியே போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள், ஊருக்குத் தெரிந்துவிடும், நெடி போகட்டும் என்று சோடா வாங்கிக் கொடுத்து, முகத்தில் தண்ணீர் அடித்து, மரத்தடியிலேயே முத்தையன் வைத்திருந்திருக்கிறான். வெயில் தாழ்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். நான் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் தலையைத் தடவினேன், மங்கை. விளக்கு வைக்கிற நேரத்தில் போய்விட்டான்.

டாக்டரம்மா முத்தையனிடம் எப்போது வலி வந்தது, என்ன குடித்தார் என்று கேட்டபோது அவன் இப்போதுதான் வந்தது, ஒன்றும் குடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறான். எல்லாம் முடிந்த பிறகு அந்த அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பெரியவரே, சட்டையில நெடி இருந்துச்சு, உண்மையைச் சொல்லுங்க” என்றார். சொன்னேன். கஞ்சா இழுத்தவுடன் இதயம் வேகமாக அடிக்கும், அந்த வேகத்துக்கு ரத்தம் போதாமல் போனால் இப்படி ஆகலாம் என்று விளக்கினார். “பீடியும் பிடிச்சிருக்காரு, முன்னாடியே குழாய்ல அடைப்பு இருந்திருக்கலாம், இது ஒண்ணுதான் காரணம்னு என்னால எழுதித் தர முடியாது. ஆனா வலி வந்து ரொம்ப நேரமாயிருக்கு, வந்தவுடனே கொண்டு வந்து, குடிச்சதையும் சொல்லியிருந்தீங்கன்னா பாத்திருக்கலாம்” என்றார். அந்தக் கடைசி வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. மரத்தடியில் காக்க வைத்ததை முத்தையன் சுடுகாட்டில் என்னிடம் அழுதுகொண்டே சொன்னான்.

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கருமாதி அன்று பந்தியெல்லாம் முடிந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தோம். அமுதத்தின் அப்பா கருப்பையன், பையனுக்கு ஏழரைச் சனி, சனீஸ்வரன் ஊரிலேயே இருந்துகொண்டு பரிகாரம் செய்யாமல் விட்டுவிட்டோம் என்றார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் எதிரில் முத்தையன், கண் சிவந்து, நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனிடமிருந்து அதே நெடி. பக்கத்தில் ஸ்டாண்டுப் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, “சனியும் இல்ல, செய்வினையும் இல்ல. எம்புள்ள கஞ்சா இழுத்தான், நெஞ்சு வலிச்சுது, வெளியில தெரிஞ்சிடும்னு படுக்க வச்சிருந்தாங்க, செத்துட்டான். உங்கள்ல யாருக்கு வலிச்சாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கடா, என்ன குடிச்சீங்கன்னு சொல்லுங்கடா” என்று சொல்லிவிட்டேன். உள்ளே அமுதம் ஓவென்று அழுதது கேட்டது. கருப்பையன் எழுந்து, “சம்பந்தி, எம்பொண்ணு தாலியறுத்து நிக்கிறா, அவ புருஷனுக்குக் கஞ்சாக்காரன்னு பேரும் வச்சு அனுப்புறீங்களா” என்று கேட்டுவிட்டு, அன்றைக்கே அவளையும் குழந்தை ராசாத்தியையும் கோட்டுச்சேரிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்து பேச்சு இல்லை. முத்தையனும் என்னைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். உன் அம்மாகூட சில நாள் என்னிடம் பேசவில்லை.

போன வாரம் ஒரு நாள் காலையில் முத்தையன் மனைவி அல்லி ஓடி வந்தாள். முந்தின நாள் ஸ்டாண்டில் அவனுக்கு நெஞ்சை அடைத்திருக்கிறது. வீட்டுக்குச் சொல்லாதே என்று யாரும் சொல்லவில்லையாம், நாலு பையன்கள் அப்படியே தூக்கி முத்து முகம்மது பாயின் காரிலேயே போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள், கஞ்சா குடித்தேன் என்று அவனே டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறான். போலீஸ் ஒன்றும் வரவில்லை. “பொழச்சுட்டாரு மாமா, உங்களப் பாக்கணும்னு அழுவுறாரு” என்றாள். போனேன். மூக்கில் குழாயோடு படுத்திருந்தான். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் அவன் மார்பு ஏறி இறங்குவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. என் பிள்ளைக்கு இது கிடைக்கவில்லையே என்று எரிந்தது. உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னான். இத்தனை நாளும் இந்தப் பயல்தான் பயந்துபோய் சோமுவைக் காக்க வைத்தான் என்று நினைத்திருந்தேன். அது அப்படி இல்லை. “நான் தூக்கிட்டுப் போறேன்னுதான் சொன்னேன் மாமா. சோமுதான் வேணாம்னுச்சு. கொஞ்சம் பொறுடா, நெடி போவட்டும், ஆஸ்பத்திரிக்கு அப்பா வருவாரு, அவரு மொகத்த எப்படிப் பாப்பேன்னுச்சு” என்றான். என் முகத்துக்குப் பயந்துதான் என் பிள்ளை அந்த மரத்தடியில் வலியைப் பொறுத்துக்கொண்டு கிடந்திருக்கிறான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. முத்தையன் பிழைத்துக்கொண்டான் என்று மட்டும் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிராமலே, அவனுக்கு இப்போது வலி இல்லையாமா என்று கேட்டாள். இல்லையாம் என்றேன். சரி என்றாள்.

இவ்வளவுதான் மங்கை. நான் செய்தது சரி என்று நீ எழுத வேண்டாம். அமுதத்துக்கு மட்டும் ஒரு கடிதம் போடு. என்னை விட்டுக்கொடுத்தே எழுது, எனக்கு வருத்தமில்லை. சோமு அவளை எப்படி வைத்திருந்தான், குழந்தையை எப்படித் தோளில் போட்டுக்கொண்டு திரிவான் என்பதையெல்லாம் எழுது, அதைச் சொல்ல அவளுக்கு அங்கே ஆள் இல்லை. ராசாத்தியைப் பார்க்காமல் அம்மாவுக்குத் தூக்கம் வருவதில்லை என்பதையும் ஒரு வரி எழுது. உன் கடிதத்தில் என்னைக் கேட்டிருந்த வரிகளை விட்டுவிட்டுத்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், இனிமேல் அவளுக்கென்று தனியாக ஒரு தாள் வை. மாப்பிள்ளை சிகரெட்டைக் குறைத்துக்கொள்ளட்டும், நான் சொன்னதாகச் சொல்லாதே, நீயே சொல்வது மாதிரி சொல்.

உன் பிள்ளைகள் வளர்ந்து வருகிறார்கள். நாளைக்கு அவர்கள் எதைக் குடித்துவிட்டு வந்து நின்றாலும், எங்கே விழுந்து கிடந்தாலும், முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அம்மா திட்டுவாள், ஆனால் தூக்கிக்கொண்டு ஓடுவாள் என்று அதுகளுக்கு இப்போதே தெரிந்திருக்க வேண்டும். என் பிள்ளைக்கு அது தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருந்தால் நானே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க நள்ளாற்றார் துணையிருக்கட்டும். மழை பிடிப்பதற்கு முன்னால் கப்பலுக்குச் சீட்டுப் போட்டுவிடு. கோபத்தோடு வந்தாலும் பரவாயில்லை, வா.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும்
அப்பா
உத்திராபதி