ஓடி முடித்தவளுக்குத் தடை, நின்றவளுக்குத் தங்கம்

அனுப்புநர்:
திருமதி உதயகலா கேதீஸ்வரன்,
இணுவில் கிழக்கு,
இணுவில்.

பெறுநர்:
மேன்முறையீட்டு அலுவலர்,
வட பிராந்திய இளையோர் மெய்வல்லுநர் சபை,
யாழ்ப்பாணம்.

விடயம்: ஐயாயிரம் மீற்றர் ஓட்டத்தில் என் மகளுக்குத் தவறாக வழங்கப்பட்ட முதலிடத்தை மீளப் பெற்று, அதை வென்ற செல்வி றொசாந்தி எமில்ராஜுக்கு வழங்குமாறும், அவர் மீதான இரண்டு வருடத் தடையை நீக்குமாறும் கோரல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் அரச மருத்துவமனை ஒன்றில் தாதியாகப் பணிபுரிகிறேன். குடாநாட்டு இளையோர் மெய்வல்லுநர் ஒன்றியம் கடந்த மாதம் அரியாலையில் நடத்திய போட்டியில், இருபது வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஐயாயிரம் மீற்றர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் பெற்றவள் என் மகள் தர்சிகா. பொதுவாகப் பெற்றோர் தம் பிள்ளைக்குப் பரிசு கிடைக்கவில்லை என்றுதான் முறைப்பாடு எழுதுவார்கள். கிடைத்துவிட்டதே என்று எழுத வேண்டிய நிலைக்கு என்னைக் கொண்டுவந்து விட்ட ஒன்றியத்தாரின் திறமையை முதற்கண் பாராட்டிக்கொள்கிறேன்.

2. அன்று காலை கொடியேற்றத்தின்போது பாடசாலைப் பிள்ளைகள் தேசிய கீதத்தைத் தமிழில் அழகாகப் பாடினார்கள். எல்லோரும் எழுந்து நின்றோம். றொசாந்தியும் நின்றாள். என் மகளுக்கு முன்வரிசையில் அவள் நின்றதை வேலியோரம் நின்ற நான் என் கண்ணால் கண்டேன். இதை ஏன் குறிப்பிடுகிறேன் என்பது கீழே விளங்கும்.

3. பிரதம விருந்தினர் காலை ஒன்பது மணிக்கு வருவார் என்று அழைப்பிதழில் இருந்தது. அவர் வந்து இறங்கியபோது மதியச் சாப்பாட்டுப் பார்சல்களில் பாதி கொடுத்து முடிந்துவிட்டது. பிரதம விருந்தினர் எவ்வளவு பிந்தினாலும் அவர் வந்த பிறகுதான் விழா தொடங்கும் என்பது எமது பகுதியில் எழுதாத சட்டம். ஆகவே மாலை, பாண்ட் வாத்தியம், மங்கல விளக்கு, தேசிய கீதம் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கின. அந்த நேரத்தில் மைதானத்தில் ஐயாயிரம் மீற்றர் ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. கீதத்துக்கு ஆயத்தமானபோது கடைசி மூன்று சுற்றுகள் மட்டுமே மிச்சம். விருந்தினரை ஐந்து நிமிடம் கதிரையில் இருத்திக் குளிர்பானம் ஒன்று கொடுத்திருக்கலாம் என்று அந்த மேடையில் இருந்த இத்தனை பெரியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

4. “அனைவரும் நின்ற இடத்திலேயே அசையாது நிற்கவும்” என்று அறிவிப்பாளர் முழங்கினார். ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு நின்ற இடம் எது என்பதை அவர் விளக்கவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக நின்றார்கள். நெஞ்சு அடிக்க, கால் நடுங்க, உச்சி வெயிலில் நின்றார்கள். கீதம் இம்முறை ஒலிபெருக்கிக்காரரின் கைத்தொலைபேசியிலிருந்து வந்தது. பாதியில் அவருக்கு யாரோ அழைப்பு எடுத்துவிட்டார்கள். தேசிய கீதம் நின்று, ஒரு சினிமாப் பாட்டு மைதானம் முழுக்க ஒலித்தது. அவர் பதறிப்போய் அழைப்பைத் துண்டித்துவிட்டுக் கீதத்தை மறுபடி தொடக்கத்திலிருந்து போட்டார். அன்று தேசிய கீதத்தை உண்மையாகவே இடைநிறுத்திய ஒரே மனிதர் அவர்தான். அவருக்கு விசாரணையும் இல்லை, தடையும் இல்லை. அடுத்த போட்டிக்கும் அவரையே பேசி அமர்த்தியிருக்கிறார்கள் என்று அறிகிறேன்.

5. இன்னும் சொல்வதானால், விருந்தினருக்குக் குடை பிடித்தவர் அசைந்தார். ஒன்றியத்தின் செயலாளர் இரண்டு முறை தம் கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்தார். விருந்தினரோ தம் கழுத்து மாலை குத்துகிறது என்று அதைச் சரிசெய்துகொண்டே நின்றார். இவர்கள் எல்லோரும் தேசப்பற்றாளர்கள்.

6. றொசாந்தி மட்டும் நிற்கவில்லை. அவள் அரைச் சுற்று முன்னுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். அப்படியே ஓடினாள். யாரையும் பார்க்கவில்லை, சிரிக்கவில்லை, கையைக் காலைக் காட்டவில்லை. மைதானம் முழுக்க எல்லோரும் சிலையாக நிற்க, அந்தப் பிள்ளை தனியே சுற்றி வந்தாள். கீதம் இரண்டு முறை போடப்பட்டதால், முடிய இரண்டு வரி இருக்கையிலேயே அவள் முடிவுக்கோட்டைத் தாண்டிவிட்டாள். தாண்டியதும் அவள் நிலத்தில் விழவில்லை. கையை நேராக விட்டு, மூச்சு வாங்க, அந்த இரண்டு வரிக்கும் அசையாமல் நின்றாள். இதை நான் பார்த்தேன். ஒன்றியத்தார் ஒருவரும் பார்க்கவில்லையாம். ஓடும்போது மட்டும்தான் அவள் அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறாள்.

7. கீதம் முடிந்த பிறகு விசில் ஊதி மற்றப் பிள்ளைகளை மீண்டும் ஓடச் சொன்னார்கள். அதில் என் மகள் முதலாவதாக வந்தாள். மாலையில் முடிவு அறிவிக்கப்பட்டபோது றொசாந்தி “தேசிய கீதத்தை அவமதித்தமைக்காக” நீக்கப்பட்டிருந்தாள். என் மகளின் கழுத்தில் பதக்கம் விழுந்தது. என் மகள் என்னைத் தேடிப் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

8. அடுத்த வாரம் மூவர் கொண்ட விசாரணைக் குழு கூடியது. என் மகளும் சாட்சியாக அழைக்கப்பட்டு அங்கே இருந்ததால், நடந்ததை அவள் வாயாலேயே அறிவேன். கீதம் காதில் விழுந்ததா என்று றொசாந்தியைக் கேட்டார்கள். “ஓம், கேட்டது சேர்” என்றாள். பிறகேன் நிற்கவில்லை என்று கேட்டார்கள். “ஓட்டம் முடியேல்லை, சேர்” என்றாள். அங்கிருந்தவர்களில் ஒருவர் இரக்கப்பட்டு, காற்று அடித்ததால் கேட்கவில்லை என்று எழுதித் தந்தால் எச்சரித்து விட்டுவிடலாம் என்று வழி காட்டினார். அதற்கு அவள், “காலமைக் கொடியேத்தத்துக்கும் நிண்டனான், ஓட்டம் முடிஞ்ச பிறகும் நிண்டனான். கேக்கேல்லை எண்டு எழுதினால் அது பொய்யல்லோ சேர்?” என்றாள். அதன் பேரில்தான் அவளுக்கு இரண்டு வருடத் தடை. ஓடியதற்கு ஒரு தண்டனை, உண்மை சொன்னதற்கு இன்னொன்று.

9. அடுத்ததாக என் மகளிடம், ஏன் நின்றாய் என்று கேட்டார்கள். “விலாவுக்குள்ளை பிடிச்சிட்டுது சேர், அதாலைதான் நிண்டனான்” என்றாள். அன்று ஓட்டத்துக்குச் சற்று முன் சாப்பிடாதே என்று சொல்லியும் கேளாமல் அவள் இரண்டு தோசை சாப்பிட்டவள். அறிவிப்புக் கேட்டபோது அவளுக்குப் பெரிய நிம்மதியாம். இந்தச் சாட்சியம் விசாரணை அறிக்கையில் “தேசிய உணர்வின் மேலீட்டால் நின்றார்” என்று பதியப்பட்டுள்ளது. விலாப்பிடிப்பைத் தேசப்பற்றாக மாற்றும் இந்த மருத்துவம் நான் தாதிப் பயிற்சியில் படிக்காதது.

10. இத்தோடு விட்டிருந்தால் நான் பேனா எடுத்திருக்க மாட்டேனோ என்னவோ. வருகிற மாதம் என் மகளைக் கௌரவிக்க ஒன்றியம் விழா எடுக்கிறது. அதில் அவள் பேச வேண்டிய பேச்சையும் எழுதி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். “கீதம் ஒலித்தபோது என் வெற்றியை மறந்தேன், என் நாட்டை நினைத்தேன்” என்று அது தொடங்குகிறது. இதை எழுதியவர் தம் வாழ்நாளில் ஒரு பஸ்ஸைப் பிடிக்கவாவது ஓடியிருப்பாரா என்பது சந்தேகம். என் சொந்த வார்த்தையில் பேசலாமா என்று மகள் செயலாளரிடம் கேட்டதற்கு, “வேண்டாம் பிள்ளை, உந்தப் பேச்சை மட்டும் பாடமாக்கிச் சொன்னால் போதும்” என்று பதில் வந்தது. கருத்துச் சொல்லும் சுதந்திரம் எல்லோருக்கும் உண்டு என்று இந்நாட்டு அரசியலமைப்பில் இருக்கிறது. ஒன்றியத்தார் அதைத் திருத்தி, ஒரு பிள்ளையின் வாயைப் பூட்டி, மற்றப் பிள்ளையின் வாயில் பொய்யைத் திணித்திருக்கிறார்கள்.

11. எங்கள் அயலில் சிலர், “உங்கடை பிள்ளைக்கு அடிச்ச அதிஷ்டம், பேசாமல் தேசியப் போட்டிக்குக் கொழும்புக்கு அனுப்புங்கோவன்” என்கிறார்கள். றொசாந்தி குருநகர் மீனவர் ஒருவரின் மகள். அந்தக் குருநகர்ப் பெட்டைக்காக நீ ஏன் மினைக்கெடுகிறாய் என்று ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை இம்மனுவில் எழுத இயலாது.

12. சென்ற ஞாயிறு தர்சிகா பதக்கத்தை எடுத்துக்கொண்டு குருநகருக்குப் போனாள். நானும் கூடப் போனேன். றொசாந்தியின் தந்தை எமில்ராஜ் கடலுக்குப் போயிருந்தார். தாய் லூர்த்தம்மா எங்களை இருத்தித் தேநீர் தந்தார். ஒரு கடும் சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மைதானத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால் றொசாந்தி இப்போது கடற்கரை வீதியில் ஓடுகிறாள். பதக்கத்தை நீட்டியபோது, “உன்னட்டை இருந்து வேண்டாம் தர்சி. எடுத்த ஆக்களே கொண்டுவந்து தரட்டும்” என்றாள். அதனால்தான் இம்மனு.

13. தேசிய மட்டப் போட்டிக்கான பெயர்கள் இம்மாத இறுதியில் கொழும்புக்குப் போகின்றன. றொசாந்திக்கு இந்த வயதுப் பிரிவில் இதுவே கடைசி வருடம். தடை முடியும்போது அவளுக்கு இருபத்தொரு வயது ஆகிவிடும். பிழையைப் பிறகு திருத்தலாம் என்று தள்ளிப்போட்டால், திருத்துவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. அவளுடைய இடத்தில் என் மகள் கொழும்பு போய் ஓடினால், அங்கே எத்தனையாவதாக வருவாள் என்று எனக்குத் தெரியும். நாட்டுக்கு நல்ல ஓட்டக்காரி வேண்டுமா, நன்றாக நிற்பவள் வேண்டுமா என்பதைத் தாங்களே தீர்மானியுங்கள்.

14. ஆகவே றொசாந்தியின் முதலிடத்தையும் பெயரையும் அவளுக்கே மீட்டுத் தருமாறும், தடையை எழுத்தில் நீக்குமாறும், என் மகள் சொல்லாததைச் சொன்னதாக எழுதிய பகுதியை அறிக்கையிலிருந்து அகற்றுமாறும் வேண்டுகிறேன். இனிமேலாவது பிரதம விருந்தினர்களை நேரத்துக்கு வரச் சொல்லவும். முடியாவிட்டால் ஓட்டம் முடியும்வரை அவர்களை வாசலில் நிற்கச் சொல்லவும். நிற்பதில் அவ்வளவு மரியாதை இருந்தால் அவர்களும் சிறிது நிற்கலாம்.

15. தங்கள் முடிவு எதுவானாலும், விழாவுக்கு என் மகள் வருவாள். தேசிய கீதம் ஒலிக்கும்போது எழுந்து நேராக நிற்பாள். அன்று அவளுக்கு விலாவில் பிடிப்பு இருக்காது, தானாக விரும்பித்தான் நிற்பாள். கீதம் முடிந்ததும் ஒலிவாங்கிக்கு முன்னால் போய், “றொசாந்தி அக்காதான் முதலாவதாய் வந்தவா” என்று சொல்லிவிட்டு இறங்கி வருவாள். அதை அவள் இப்போதே பாடமாக்கிவிட்டாள். ஒலிவாங்கியை நிறுத்தினாலும் பாதகமில்லை. அவளுக்குப் பெரிய குரல். அதற்கு முன் தாங்களே அதைச் சொல்லிவிட்டால், ஒரு பிள்ளைக்கு வேலை மிச்சமாகும்.

தங்கள் பதிலை இம்மாத முடிவுக்குள் எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
உதயகலா கேதீஸ்வரன்

இடம்: இணுவில்
திகதி: 11.08.2025

இணைப்பு: தங்கப் பதக்கம் ஒன்று (ஓரத்தில் முலாம் உரிந்துள்ளது. எமக்குத் தந்தபோதே அப்படித்தான்).

பிரதி: திரு. சந்தியோகு எமில்ராஜ், குருநகர்.